எம்மா நேரம் ஆவும்?

சாயங்காலத் திருவள்ளூர் லோக்கல் திருநின்றவூரைத் தாண்டும்போது, செவ்வாப்பேட்டையில் இறங்க வேண்டியவர்களின் கைபேசிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கும். “எம்மா நேரம்டா ஆவும்?” என்று அம்மா கேட்பார். “பத்து நிமிஷத்துக்கு மேல ஆவாதும்மா” என்று பையன் சொல்வான். அதோடு பேச்சு முடிந்தது.

இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்பவர் ‘ஹவ் லாங்’ என்பார். அதாவது எவ்வளவு நீளம். ஆங்கிலேயருக்கு நேரம் கயிறுபோல நீண்டு கிடக்கிறது. கூடினால் ‘லாங்கர்’, குறைந்தால் ‘ஷார்ட்டர்’. செவ்வாப்பேட்டை அம்மா நீளத்தைக் கேட்கவில்லை, அளவைக் கேட்கிறார். பையனின் பதிலும் படியளக்கிற பாஷைதான்: மேல, கம்மி, கூட, குறைய. நேரம் போதவில்லை என்கிறோம், தீர்ந்துவிட்டது என்கிறோம். அறுந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இதை வைத்து மொழியியலில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. டேனியல் காசசாண்டோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004இல் ஆங்கிலம், இந்தோனேசியம், கிரேக்கம், ஸ்பானியம் பேசுபவர்களைக் கணினித் திரைமுன் உட்கார வைத்தார்கள். திரையில் ஒரு கோடு வளரும், அல்லது ஒரு பாத்திரம் நிரம்பும். எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல வேண்டும். நேரத்தை நீளமாகப் பேசும் ஆங்கிலக்காரர்கள் கோட்டைப் பார்த்து ஏமாந்தார்கள். ‘நிறைய நேரம்’ என்று பேசும் கிரேக்கர்களும் ஸ்பானியர்களும் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். 2017இல் பைலண்ட், அதனசோபுலோஸ் என்ற இருவர் ஸ்வீடிஷ், ஸ்பானியம் இரண்டும் அறிந்தவர்களை அழைத்துச் சோதித்தார்கள். கேள்வியில் எந்த மொழிச் சொல் இருந்ததோ, அந்த மொழிக்காரர்போலவே அவர்கள் தடுமாறினார்கள்.

இந்த ஆய்வுகளில் தமிழ் இல்லை. சில விநாடிக் கோடுகளையும் பாத்திரங்களையும் வைத்து ஓர் இனத்தின் மனசையே எடைபோடுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் ‘ரொம்ப நேரம்’ என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்த ‘ரொம்ப’ எங்கிருந்து வந்தது? ‘நிரம்ப’ என்பதன் பேச்சு வடிவம் அது. (ரொம்ப தூரம், ரொம்ப அழகு என்று எல்லாவற்றுக்கும் அது ஓடியாடி உழைக்கிறது என்பது வேறு விஷயம்.) நேரத்தைப் பாத்திரத்தில் அளந்த ஊர் இது என்பதும் கற்பனையில்லை. அடியில் துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டால், நீர் ஏறி, நிறைந்து, மூழ்கும். அதுதான் நாழிகை வட்டில். ஒரு நாழிகை 24 நிமிடம், நாளொன்றுக்கு 60 நாழிகை. நெல்லும் அரிசியும் அளந்த முகத்தலளவைக்கும் நாழி என்றே பெயர்.

அப்படியானால் தமிழில் நேரத்துக்கு நீளமே கிடையாதா? உண்டு. நெடுநேரம், நெடுநாள் எல்லாம் பழைய சொற்கள். நக்கீரர் பாட்டின் பெயரான நெடுநல்வாடையில் அந்த ‘நெடு’ நிற்கும் இடம் அருமை. ஒரே வாடைக்காற்றுதான். தலைவனைப் பிரிந்து அரண்மனையில் கிடப்பவளுக்கு அது நெடிதாகிறது, பாசறையில் வெற்றிபெற்ற அரசனுக்கு நல்லதாகிறது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். கடிகாரம் காட்டாத நீளம் அது. இன்றைக்கோ ‘நீண்ட நேரம்’ செய்தித்தாளிலும் மேடையிலும்தான் அதிகம் நடமாடுகிறது. பேச்சில் அதைப் பயன்படுத்துகிறவரைப் பார்த்தால், ஏதோ அறிக்கை வாசிக்கிறார் என்றே தோன்றும்.

ஆங்கிலத்தின் ‘லாங்கர்’, ‘லேட்டர்’ போன்ற ஒப்புமை வடிவங்கள் தமிழுக்கு இல்லை. கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே இதைக் குறித்திருக்கிறார்: இந்த மொழிகள் பண்புச்சொல்லின் வாலில் விகுதி ஒட்டி ஒப்பிடுவதில்லை. அந்த நூல் வெளிவந்தது 1856இல். அதே 1856இல்தான், ஜூலை 1ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை, திருவள்ளூர் லோக்கல் ஓடும் இந்தத் தடத்தில் ஓடியது. கால்டுவெல்லுக்கு வெகுகாலம் முன்பே தொல்காப்பியர் ஒப்பீட்டு வேலையை ஐந்தாம் வேற்றுமை ‘இன்’ உருபிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் அடுக்கும் பட்டியலில் அளவு, முதுமை, இளமை, புதுமை, பழமை எல்லாம் வருகின்றன. இன்று அந்த வேலையை ‘விட’ பார்க்கிறது.

ரயிலோடு வந்த ஆங்கிலச் சொற்களையும் தமிழ் இந்தக் கணக்கில்தான் உள்ளே விட்டது. ‘லேட்’ வந்தது, ‘லேட்டர்’ வரவில்லை. ‘ஃபாஸ்ட்’ வந்தது, ‘ஃபாஸ்டர்’ வாசலிலேயே நின்றுவிட்டது. “நேத்தவிட இன்னிக்கு லேட்டு” என்றால் போதுமே. ஆங்கிலத்திலோ ‘விட’ இல்லாமலே ஒப்புமை வடிவம் வந்துவிடும். ‘பெட்டர் பார்ட் ஆஃப் அன் அவர்’ என்று ஆங்கிலக்காரர் சொன்னால், அது ஒரு மணி நேரத்தின் சிறந்த பகுதி இல்லை, பாதிக்கு மேற்பட்ட பகுதி. எதைவிடச் சிறந்தது என்று கேட்கக் கூடாது. தமிழுக்குள் தப்பி வந்துவிட்ட ஒப்புமைச் சொற்கள் ‘சீனியர்’, ‘ஜூனியர்’. லத்தீனில் மூத்தவர், இளையவர் என்பதோடு ‘அதிகம்’ என்ற பொருளும் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. தமிழன் அதை நம்பத் தயாரில்லை. “அவரு என்னைவிட ரெண்டு வருஷம் சீனியர்” என்று ‘விட’ போட்டுத்தான் விடுகிறான்.

கூடுதல் நேரம் என்பது காசாக மாறும் இடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. அதைத் தாண்டிய உழைப்பு அரசுத் தமிழில் மிகைநேரப் பணி, ஷிப்ட் முடிந்து வருபவர் வாயில் ஓ.டி. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அரசு தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. வாரக் கணக்கில் பார்த்தால் அதே 48 மணிதான். தொழிற்சங்கங்களோ நாள் கணக்கில் பார்த்தன. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். பழைய சட்டத்தின்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம்: 4 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் கையில் வருவது 8 மணி நேரக் கூலி.