பூதத்துக்குக் கூலி எவ்வளவு?

குடுவையைத் திறந்தால் பூதம் வரும். திறந்தவன் முன்னால் கைகட்டி நிற்கும். சோறு கொண்டா என்றால் கொண்டுவரும், வீடு கட்டு என்றால் கட்டும். ராயபுரத்துப் புள்ளைங்களும் எண்ணூர்ப் புள்ளைங்களும் இதைப் பார்த்துச் சிரிச்சுத்தான் வளர்ந்தாங்க. சிரிக்காதீங்கன்னு சொல்ல வரல தோழர்களே. எதுக்குச் சிரிக்கிறோம்னு கொஞ்சம் யோசிப்போம்.

இந்தப் பூதத்தின் பூர்வீகத்தைப் பார்ப்போம். எஃப். ஆன்ஸ்டி 1900இல் எழுதிய ‘தி பிராஸ் பாட்டில்’ என்ற ஆங்கில நாவல் 1964இல் ஹாலிவுட் படமானது. அந்தப் படம் தந்த தூண்டுதலில் 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ‘ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி’ தொடர் வந்தது. 1967இல் நமக்கு ‘பட்டணத்தில் பூதம்’ வந்தது. ஜாவர் சீதாராமன்தான் பூதம். 2000களில் சன் டி.வி.யின் ‘மை டியர் பூதம்’ நடுத்தர வர்க்க வீட்டுக்குள்ளேயே மூசாவைக் குடியேற்றியது.

ஜீனி தன்னை விடுவித்த விண்வெளி வீரனை ‘எஜமான்’ என்றே கூப்பிடுவாள். 1965 எப்படிப்பட்ட ஆண்டு? மார்ச்சில் ஓட்டுரிமை கேட்ட கறுப்பின மக்கள் செல்மாவில் அடிபட்டார்கள். ஆகஸ்டில் சட்டத்தை வென்றெடுத்தார்கள். செப்டம்பரில் தொலைக்காட்சியில் ‘எஜமான்’ சத்தம். கறுப்பு மக்கள் காறித் துப்பிய சொல்லை நகைச்சுவை பத்திரமாகப் பொறுக்கி வைத்துக்கொண்டது.

விடுவித்ததற்கு நன்றிக்கடனாம், அதனால் கூலியில்லாத வேலையாம்! இதுக்கு நம்ம ஊர்ல பேரு கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணத்துக்காகச் செய்யும் கட்டாய உழைப்பை மட்டும் சொல்லவில்லை. வழக்கத்தின் பேரால், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததன் பேரால் வாங்கும் உழைப்பையும் சேர்த்தே சொல்கிறது. சேரிக்காரன் பண்ணையில் செய்ததும் பூதம் பட்டணத்தில் செய்வதும் ஒரே வேலைதான். நிஜத்தில் கோபம் வரும், கதையில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் பழகிய பொதுப்புத்திக்கு வீட்டுவேலை செய்யும் ஆயாவின் சம்பளம் எப்படி உறைக்கும்?

ஜீனி 2006இல் டி.வி.டி.யாக வந்தாள். கறுப்புவெள்ளையில் எடுத்த முதல் பருவத்தை வண்ணம் ஏற்றியும் விற்றார்கள். நாற்பது வருசம் கழிச்சும் அவள் உழைப்பில் காசு. நம்ம பக்கத்துக்குக் குறுந்தகடு வந்த வழி வேறு. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காகத் துறைமுகத்தின் அருகே உருவான பர்மா பஜாரில் திருட்டு வி.சி.டி. குவிந்து கிடந்தது. 2004இல் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தார்கள். ஓராண்டு வரை விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம்.

அடுத்தவன் உழைப்பைத் திருடுவது தப்புதான், மறுக்கல. ஆனா கொத்தடிமை வைத்திருப்பதும் உழைப்புத் திருட்டுதானே? 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது ஜாமீனில் வரக்கூடிய குற்றம். தகட்டைத் திருடினால் தடுப்புக்காவல், ஆளையே திருடினால் ஜாமீன். படத்துக்கு இருக்கிற மரியாதை மனுசனுக்கு இல்ல.

கண் சிமிட்டினால் வேலை முடியும் என்பது உழைப்பைக் கண்ணிலிருந்து மறைக்கிற வித்தை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது எந்தப் பூதமும் வரல. மீனவர்கள்தான் படகில் போய்க் கையால் அள்ளினார்கள்.

தடை கேட்பது நம்ம வேலையில்லை. மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். புள்ளைங்களோட உட்கார்ந்து பூதக் கதை ஒன்றைப் பாருங்கள். பூதம் என்னென்ன வேலை செய்தது என்று பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கூலி எவ்வளவுன்னு அவங்களையே போடச் சொல்லுங்க. அப்பன் ஆத்தா வாங்குற கூலி அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியும். கணக்குச் சரியா வரும்.