கயிற்றை விடாதீர்கள்!

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலம் ஒன்று உண்டு. கடைசியாக அது நடந்தது 1961-ம் ஆண்டில்.

கடலுக்குள் மூழ்கியவர் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே அவரை மேலே இழுப்பார். "ஏன் இறங்கினாய்?" என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்!

இன்று பிள்ளைகள் வேறொரு கடலில் இறங்குகிறார்கள். அதுதான் செல்போன்.

கையில் தங்கிய போன்

2020-ல் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் செல்போனில் நடந்தது. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. ஆனால் போன் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது!

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையானாலும் சரி, பெரிய பட்டணமானாலும் சரி, கதை ஒன்றுதான்.

முன்பெல்லாம் பள்ளிக்கூட மணி அடித்தால் கேலியும் கிண்டலும் முடிந்துவிடும். இப்போது அது வாட்ஸ்அப் வழியாக வீட்டுக்குள் வருகிறது. இரவில் படுக்கை வரை வருகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முகம் தெரியாதவன் நண்பன்போல் பேசுவான். படம் கேட்பான். கிடைத்ததும், "பணம் கொடு, இல்லாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டுவான்.

ஏன் சொல்வதில்லை?

அவனுடைய மூலதனம் எது தெரியுமா? பிள்ளையின் பயம்!

"அப்பா அடிப்பார். போனைப் பிடுங்கிவிடுவார். படிப்பை நிறுத்திவிடுவார்." இந்தப் பயத்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. மிரட்டல் வளர்கிறது.

பொள்ளாச்சியில் பெண்களை நம்பவைத்து, படம் பிடித்து மிரட்டிய கும்பலும் இந்தப் பயத்தையே நம்பியிருந்தது. 2019-ல் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். 2025 மே 13-ந்தேதி 9 பேருக்குச் சாகும்வரை ஜெயில் தண்டனை கிடைத்தது.

சட்டம் போதுமா?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை. 2025 டிசம்பர் 10-ந்தேதி அது அமலுக்கு வந்தது. அபராதம் பெற்றோருக்கு அல்ல, கம்பெனிகளுக்கு!

அதே மாதம், இதுபோன்ற சட்டம் பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்று சென்னை ஐகோர்ட்டின் மதுரை கிளை கூறியது. அதுவரை மக்களிடம் விழிப்பை உண்டாக்க வேண்டும் என்றும் சொன்னது.

சட்டம் வாசலில் காவல் நிற்கும். வீட்டுக்குள் பிள்ளையின் முகம் வாடியிருப்பதைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பிள்ளை வந்து சொன்னால், "சொன்னாயே, நல்லது. நாங்கள் இருக்கிறோம்" என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மீண்டும் கேட்பான்.

வந்த செய்திகளை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி. அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அவனுடைய கணக்கைத் தடுத்துவிடுங்கள்.

சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்களில் பேசலாம். கேலி செய்வது கூடப் படிக்கும் பிள்ளை என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

"வெளியே தெரிந்தால் மானம் போகுமே" என்று அஞ்ச வேண்டாம். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயரை வெளியிடுவதே குற்றம் என்கிறது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம்.

பெற்றோர்களே! பிள்ளை ஒருநாள் கயிற்றை அசைக்கும். சாப்பாடு இறங்காது. தூக்கம் வராது. போன் மணி அடித்தால் திடுக்கிடும்.

அப்போது திட்டாதீர்கள். முதலில் மேலே இழுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்!