பட்டாளத்து ஏட்டைத் திருத்துவது யாருடைய கடமை?

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் பிரித்தானிய முடியின் கீழ்ச் சேவை செய்தவர்களுக்கு அந்நாட்டு அரசாங்கம் வழங்கிய நட்சத்திரப் பதக்கங்களை எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர் அவற்றில் எவருடைய பெயரையும் காணமாட்டார். முதலாவது யுத்தத்தின் பதக்கங்களில், விளிம்பிலோ பின்புறத்திலோ, வீரனுடைய இலக்கமும் பதவியும் பெயரும் படையும் பொறிக்கப்பட்டிருந்தன; இரண்டாவது யுத்தம் முடிந்தபோது அந்தச் சம்பிரதாயம் கைவிடப்பட்டது. ஆகவே ஹெந்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஏதேனும் ஒரு வீட்டு ட்ரங்குப் பெட்டியில், பழந்துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பதக்கம் இன்னாருடையதுதான் என்று சாட்சி சொல்லவல்லது அந்தப் பதக்கம் அன்று. எங்கோ ஓர் அலுவலகத்துக் கோவையிலே, முகமறியாத ஓர் இலிகிதர் எழுதிவைத்த ஒரேயொரு வரிதான்.

அந்த வரி பிழையாக எழுதப்பட்டுவிட்டால், அல்லது எழுதப்படாமலே விடப்பட்டால், காயம்பட்டவன் காயம்படாதவனாகவும், போர்முனையில் நின்றவன் களஞ்சியத்தைக் காத்தவனாகவும் ஆகிவிடுகிறான். அவனுடைய ஓய்வூதியமும், அவனுக்குப் பின் அவன் மனைவிக்குரிய கொடுப்பனவும், அவன் அணியத்தக்க விருதும் அந்த ஏட்டைப் பின்பற்றி நடக்குமேயன்றி அவன் வாழ்ந்த வாழ்க்கையைப் பின்பற்றி நடப்பதில்லை. இத்தகைய பிழையைத் திருத்தும்படி விருத்தாப்பியத்தை அடைந்த ஒரு வீரரோ அவருடைய குடும்பத்தாரோ கேட்கும்போது, அதனை ஒரு சலுகைக்கான மனுவாகக் கருதும் மனோபாவம் நாடுகள் பலவற்றில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அது அடியோடு தவறானது. ஏட்டை எழுதியவர் அரசாங்கத்தின் ஊழியர். அதைப் பூட்டி வைத்திருப்பதும் அரசாங்கமே. அப்படியிருக்க, அதிலுள்ள பிழைக்கு ஆதாரம் தேடும் பாரத்தை, அந்த ஏட்டை ஒருநாளும் கண்ணால் பார்த்திராத ஒரு முதியவரின் தலையில் ஏற்றுவது எவ்விதத்திலும் நியாயம் ஆகாது.

பிழை எங்கே பிறக்கிறது என்பதைத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக எழுதும் நமது வழக்கத்தை, குடும்பப் பெயரொன்றைக் கட்டாயமாகக் கேட்கும் ஆங்கிலப் படிவத்தில் நிரப்பப் புகுந்த இலிகிதர், தந்தையை மகனாக்கிவிடுவது எளிது. வத்தளை, ஹெந்தளைக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிலோ ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டார் அழைப்பதற்கு ஒரு பெயர் என்று மூன்று இருப்பது சாதாரணம். பட்டாளத்தில் சேரப் போனவன் அன்று வாயில் வந்த பெயரைச் சொல்லியிருப்பான். முப்பது ஆண்டுகள் கழித்து அவனுடைய விதவை கிராம சேவகரிடமும் சமாதான நீதவானிடமும் சத்தியக் கடதாசியுடன் அலைந்து, இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டியவளாகிறாள்.

இது எளியவர்களுக்கு மாத்திரம் நேரும் துன்பம் என்று எண்ணுவோர் இந்தியத் தரைப்படையின் தளபதியாக இருந்த ஜெனரல் வி. கே. சிங்கின் வழக்கை நினைவுகூர வேண்டும். இராணுவத்தின் ஒரு கிளையில் அவர் பிறந்த ஆண்டு 1950 என்றும் மற்றொரு கிளையில் 1951 என்றும் பதிவாகியிருந்தது. பள்ளிச் சான்றிதழ் 1951 என்றது, பாதுகாப்புக் கல்லூரியில் சேர்வதற்காக இளமையில் நிரப்பப்பட்ட விண்ணப்பமோ 1950 என்றது. பதவியில் இருந்தபடியே அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். சாதகமான தீர்ப்பு வராது என்பது புலப்பட்டதும் 2012 பெப்ரவரியில் மனுவை மீட்டுக்கொண்டார். அவ்வாண்டு மே மாத முடிவில் ஓய்வும் பெற்றார். யார் பக்கம் நியாயம் என்ற தர்க்கத்துக்குள் நான் புகவில்லை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட துருப்புகளுக்குத் தலைமை தாங்கிய ஒருவர், தம் சொந்தப் படையின் இரண்டு ஏடுகளை ஒன்றாக்க முடியாமற் போனார் என்ற ஒரு விஷயமே இங்கு போதுமானது.

இதைவிட நெஞ்சை வருத்துவது ஹென்றி ஜோன்சனின் சரித்திரம். அமெரிக்காவில் ஓல்பனி நகரத்து ரயில் நிலையத்தில் சுமை தூக்கிப் பிழைத்த இந்தக் கறுப்பின வாலிபன், 1918 மே மாதத்தில் பிரான்ஸ் தேசத்துக் காட்டுமுனையொன்றில் இராக்காவல் நின்றபோது, கூட்டமாக வந்த ஜெர்மானியரைத் துப்பாக்கிக் கட்டையாலும் கத்தியாலும் எதிர்த்து, தன் தோழன் சிறைப்படாமல் மீட்டான். உடம்பில் இருபத்தொரு காயங்கள். பிரெஞ்சு அரசாங்கம் அவனுக்கு விருது தந்தது. அவனுடைய சொந்த நாட்டின் விடுவிப்புப் பத்திரமோ அக்காயங்களில் ஒன்றையேனும் குறிக்கவில்லை. குறிக்காமற் போகவே, அவற்றுக்குரிய அங்கீகாரம் அவன் வாழ்நாளில் கிட்டவில்லை. பழைய தொழிலைச் செய்ய உடம்பு இடங்கொடாமற் போன அவன் 1929 இல் மாண்டான். காயப் பதக்கம் 1996 இலும், அந்நாட்டின் அதியுயர் வீரவிருது 2015 இலும் அவன் பெயருக்கு வழங்கப்பட்டன. அநாதைப் புதைகுழியில் கிடக்கிறான் என்று பல்லாண்டுகளாக நம்பப்பட்டவன், ஆர்லிங்டன் தேசிய மயானத்திலே, வில்லியம் ஹென்றி ஜோன்சன் என்ற பெயரில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டிருந்தான் என்பதும் பின்னர்தான் வெளிப்பட்டது. பெயருக்கு முன்னே நின்ற ஒரு சொல், ஒரு வீரனை அவனுடைய உறவினரிடமிருந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் மறைத்துவைத்தது.

நம்மவர்களுக்கு மிக நெருங்கிய உதாரணம் மெசொப்பொத்தேமியாவில் இருக்கிறது. முதலாவது யுத்தத்தில் அங்கே மாண்ட நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் நினைவாக 1929 இல் திறந்துவைக்கப்பட்ட பஸ்ரா நினைவுச் சின்னத்திலே பிரித்தானியச் சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் அதில் மாண்டோர் இத்தனை பேர் என்ற தொகையும் போதும் என்று முடிவாயிற்று. அந்தப் போர்க்களத்தில் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும், அவர்களிடையே தமிழ்நாட்டுக் கிராமத்தவரும் இருந்தனர். பொதுநலவாய யுத்த மயானங்கள் ஆணைக்குழு தானே நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2021 ஏப்ரலில் வெளிவந்தபோது, முதலாவது மகாயுத்தத்தில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 வரையானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சரும் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். நூறாண்டு தாமதம் கொடியதுதான். ஆயினும் பேரரசு ஒன்றின் ஏடு பிழையென்று அந்த ஏட்டுக்கு உரியவர்களே எழுதிவைத்தது சாமானியச் செயலன்று. பழையது, ஆதாரம் போய்விட்டது, இனி என்ன செய்வது என்று கைவிரிக்கும் எந்தத் திணைக்களத்துக்கும் இதனையே பதிலாகக் காட்டலாம்.

இலங்கைக்கும் இத்தகைய ஒரு பழைய கணக்கு உண்டு. 1942 மே மாதத்தில் கொக்கோஸ் தீவிலே கலகம் செய்த குற்றத்துக்காக, இலங்கை காவற் பீரங்கிப் படையைச் சேர்ந்த கிரேஷியன் பெர்னாண்டோ, கார்லோ கௌடர், பென்னி டி சில்வா ஆகிய மூவர் அவ்வாண்டு ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். முதலாவது யுத்தத்தில் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானியா 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மன்னிப்பளித்தது. அச்சட்டம் 1918 உடன் நின்றுவிட்டமையால் இம்மூவரை எட்டவில்லை. அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று நான் வாதிடவில்லை. கலகம் நடந்த இரவில் அவர்களுடைய தோழர் ஒருவரும் உயிரிழந்தார். ஆனால் மன்னிப்புக்கு உரியவர் யார் என்பதை ஆண்டுக்கணக்கு நிர்ணயிப்பது முறையல்ல. அவர்களுடைய விசாரணையும் ஒருமுறை மறுபரிசீலனை செய்யப்படத்தான் வேண்டும்.

பொய்யான உரிமை கோருவோர் பெருகிவிடுவார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வாங்காத பதக்கத்தை அணிந்து திரிபவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அதற்கு மருந்து கதவை அடைப்பதன்று, கதவில் ஒழுங்கான நீதி விசாரணையை அமர்த்துவது. 1942 டிசம்பரில் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலின் பீரங்கியை விட்டகலாமல் உயிர்நீத்த பதினெட்டு வயது மாலுமி டெடி ஷீனுக்கு விக்டோரியா சிலுவை வழங்கலாமா என்று ஆஸ்திரேலியா பலமுறை விசாரித்தது. 2013 இல் வேண்டாமென்றும், 2019 இல் வேண்டுமென்றும் பரிந்துரைகள் வந்தன. முடிவில் 2020 இல் வழங்கிற்று. ஒருமுறை மறுத்ததை மறுபடி ஆராய்வதால் விருதின் கௌரவம் குறைந்துவிடவில்லை.

அமெரிக்காவிலே இவ்வேலைக்கென 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, சீருடை அணியாத உறுப்பினர்களைக் கொண்ட நிரந்தர சபைகள் உண்டாயின. பிழை, அநீதி என்ற இரண்டு காரணங்களுள் ஒன்றைக் காட்டினால் ஏட்டைத் திருத்தும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. வீரர் இறந்துவிட்டால் வாரிசும் விண்ணப்பிக்கலாம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகம் எரிந்து 160 முதல் 180 இலட்சம் கோவைகள் சாம்பலானபோது, ஏடு போயிற்று என்று அந்நாடு கைகழுவிவிடவில்லை. சம்பளச் சீட்டுகளையும் வைத்தியசாலைக் குறிப்புகளையும் வேறு அலுவலகங்களின் பதிவுகளையும் கூட்டிவைத்துச் சேவை விபரங்களை மறுபடி அமைத்துக் கொடுக்கும் பணி இன்றும் நடக்கிறது. இந்தியாவில் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் ஏற்பட்டு, சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது.

நம் நாட்டில் 1949 இல் இராணுவம் அமைக்கப்பட்டதிலிருந்து எல்லாச் சமூகத்தவரும் அதில் சேவை செய்திருக்கிறார்கள். அதன் முதல் இலங்கைத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு, 1960 முதல் பத்தாண்டுகள் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ராஜன் கதிர்காமர். ரணவிரு சேவா அதிகாரசபை 1999 முதல் வீரர் குடும்பங்களின் க்ஷேமத்தைக் கவனிக்கிறது. ஏட்டின் பிழையால் நீதி மறுக்கப்பட்டவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். ஓய்வூதியத்தில் ஜீவிக்கும் முதியவரால் அதற்கு வழக்கறிஞர் கூலி கொடுக்க இயலுமா என்பதை அரசாங்கம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில், விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லாமல், மூன்று மொழிகளிலும் விசாரிக்கக்கூடிய ஒரு சிறு சபையைப் பாதுகாப்பு அமைச்சு ஏற்படுத்துவதே தக்க பரிகாரம். வடக்கிலும் தெற்கிலும் பிள்ளையைத் தேடும் தாய்மாருக்காக 2016 இல் இயற்றப்பட்ட சட்டம், மரணத்தைப் பதியாமல் இல்லாமையை மாத்திரம் பதியும் சான்றிதழை அனுமதித்தது. காணாமற்போனோர் அலுவலகத்தின் அதிகாரவரம்புக்குள் களத்தில் காணாமற்போன படையினர் 5,000க்கும் மேற்பட்டோரும் அடங்குகின்றனர். ஏட்டுக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சட்டத்தால் குறைக்க முடியும் என்பதற்கு அச்சட்டமே நமது சொந்த முன்மாதிரி.

அச்சபை ஏற்படும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இக்குடும்பங்களை வேண்டிக்கொள்கிறேன். இரண்டாவது யுத்தத்தில் பதினெட்டு வயதில் சேர்ந்தவர் இன்று தொண்ணூற்றைந்தைக் கடந்தவர். அவருடன் நின்றதாகச் சாட்சி சொல்லக்கூடிய தோழரும் அதே வயதினர். அவர் சொல்வதை இப்போதே எழுதி, சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பம் பெற்றுவையுங்கள். பிரித்தானியப் படைகளில் இருந்தவராயின், ஏறத்தாழ 97 இலட்சம் சேவைக் கோவைகள் 2022 முதல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. அங்கே எழுதிக் கேளுங்கள். இலங்கைப் படைகளில் இருந்தவராயின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உரிய தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவை அறிவிக்கக் கடமைப்பட்டவர். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.