பழி பற்றரிக்கு, குற்றம் வயருக்கு

வாகனம் ஒன்று தீப்பற்றினால் எழுதுவதற்கென்றே நமது பத்திரிகைகளில் ஒரு வசனம் தயாராக இருக்கும்: "மின்னொழுக்கே காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது." எந்த வயரில், யார் பூட்டிய எந்தப் பொருளில் அந்த ஒழுக்கு தொடங்கியது என்று மறுநாள் எவரும் கேட்பதில்லை. தீப்பிடிக்காத கோளாறுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாகரையில் வாடகை வான் ஓட்டும் நண்பர் ஒருவர் முன்கண்ணாடியில் கமரா பூட்டினார். திருகோணமலை வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். விபத்து என்று வந்தால் பெரிய வாகனக்காரனையே முதலில் பிடிப்பார்கள். ஆகவே அவருக்கு அது ஆடம்பரமல்ல, சாட்சி. ஆனால் கமரா வந்த பின்னர், இரண்டு மூன்று நாள் ஓட்டமில்லாமல் நின்றால் வான் ஸ்டார்ட் ஆவதில்லை. "பற்றரி செத்துவிட்டது" என்றார்கள். புதிதாக வாங்கினார். அதுவும் படுத்தது. விடியற்காலையில் மட்டக்களப்பு வைத்தியசாலைக்கு கிளினிக் நோயாளிகளை ஏற்றிச்செல்லும் ஓட்டம் அவருடையது. வான் கிளம்பாத நாளில் அவருக்குக் கூலி போகிறது, நோயாளிக்கு முறை போகிறது.

இதில் மர்மம் எதுவுமில்லை. இத்தகைய கமராவுக்குப் பெரும்பாலும் மூன்று வயர்கள். ஒன்று எந்நேரமும் மின் உள்ள பியூசுக்கு, மற்றொன்று சாவி திருப்பினால் மட்டும் மின் வரும் பியூசுக்கு, மூன்றாவது எர்த்துக்கு. பூட்டியவர் முதலிரண்டையும் ஒன்றாக முறுக்கி எந்நேர மின்னில் கொடுத்துவிட்டார். வான் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கமரா நம்பியது. இரவு பகலாகப் பதிவு செய்தது. 0.4 அம்பியர் என்றால் நாளொன்றுக்கு 9.6 அம்பியர் மணி. 65 அம்பியர் மணிப் பற்றரியில் மூன்று நாளில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். டீசல் எஞ்சினைச் சுழற்ற மிச்சம் போதாது. மின்னழுத்தம் குறைந்தால் தானாக நிறுத்தும் வசதியும், சில கருவிகளில், சாவி அணைந்தது தெரிந்தால்தான் வேலை செய்யும்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீற்றர் போதும். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, அரை மணி நேரம் பொறுத்து, பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் நடுவே மீற்றரை 10 அம்பியர் அளவில் வைக்க வேண்டும். (அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் மீற்றரின் பியூஸ் போய்விடும்.) 50 மில்லி அம்பியருக்கு மேல் காட்டினால் சந்தேகப்படலாம். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினால், எதை உருவும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அங்கேதான் கள்ளன்.

கமரா தானாக அணைந்து அணைந்து எரிந்தால் அது வேறு நோய். எர்த்தைப் பார்க்க வேண்டும். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாகக் கிடக்கும் வாகரையின் உப்புக்காற்றில் எந்தத் திருகாணியும் நீண்ட நாள் சுத்தமாக இராது. கமரா ஓடும்போது பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் அந்தத் திருகாணிக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், துருவையும் பெயின்றையும் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூட்ட வேண்டியதுதான்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பற்றரி கிடையாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். வாகரையும் 2004இல் ஆழிப்பேரலையையும் 2006, 2007இல் போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஊர். இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் திறமை நமக்குக் குறைவில்லை. ஆனால் அன்று ஒரு துளி மின்னையும் கணக்குப் பார்த்தார்கள். இன்று பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிக் கொடுப்பதையும், காற்றுப்பைக்குச் செல்லும் மஞ்சள் வயரில் கைவைப்பதையும் அந்தத் திறமையின் வாரிசு என்று கொண்டாட நான் தயாரில்லை.

வாகனத்தில் எதையேனும் பூட்டுகிறவர் ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று விடயங்களை எழுதித் தர வேண்டும் என்பது என் வாதம்: எந்தப் பியூசிலிருந்து மின் எடுத்தார், எத்தனை அம்பியர் பியூஸ் போட்டார், வாகனம் அணைந்திருக்கையில் மீற்றர் என்ன காட்டியது. நண்பரிடம் அப்படி ஒரு துண்டு இருக்கவில்லை. சாவியோடு மின் வரும் பியூசுக்கு ஒரு வயரை மாற்றியதோடு அவரது தொல்லை தீர்ந்தது. முதல் பற்றரியை மட்டும் பழைய ஈய விலைக்கு எப்போதோ கொடுத்துவிட்டிருந்தார்.