விலையும் வலிமையும்

பணம் பத்தும் செய்யும் என்பர். அப்பத்தோடு பதினொன்றாக, சீட்டாட்டத்தில் வெற்றியையும் அது வாங்கித் தரும் என்று நம்புவோர் உளர். சீட்டாட்டம் என்றதும் சூதாட்ட மேசையை எண்ண வேண்டா. வீரரும் விலங்கும் மந்திரமும் தீட்டிய சீட்டுகளைத் தேடிச் சேர்த்து, தமக்கென ஒரு கட்டு அமைத்து, எதிரியோடு பொருதும் ஆட்டம் இது. ரிச்சர்ட் கார்ஃபீல்டு வகுத்து, 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' இவ்வகைக்கு முன்னோடி. தோற்றவன், "கையில் காசில்லை, அதனால் தோற்றேன்" என்கிறான். காசுள்ளவனோ மேலும் நான்கு விலையுயர்ந்த சீட்டுகளை வாங்கி, வலிமை வந்துவிட்டதாக மகிழ்கிறான். இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை.

விலை எவ்வாறு பிறக்கிறது? பெரும்பாலும் அருமையால். 2023இல் 'த ஒன் ரிங்' என்னும் சீட்டு, டோல்கின் படைத்த கற்பனை எழுத்தில், உலகிலேயே ஒரேயொரு படியாக அச்சிடப்பட்டது. போஸ்ட் மலோன் என்னும் பாடகர் அதனை 20 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். ஆட்டத்தில் அச்சீட்டு செய்வது என்ன? அதே பெயருடைய சாதாரணச் சீட்டு செய்வதைத்தான். அணுவளவும் கூடுதல் இல்லை. அச்சாதாரணச் சீட்டும் வலிமை மிக்கதே. ஆயினும் 2024 திசம்பரில் 'மாடர்ன்' வகைப் போட்டிகளில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வகைக்கென்றே அதனை வாங்கியவரின் பணம் தந்த வலிமை, ஓர் அறிவிப்பில் போயிற்று.

மறுபுறம் 'லைட்னிங் போல்ட்' என்னும் சீட்டைக் காண்க. 1993 முதல் பலமுறை அச்சாகி, எளிய விலைக்குக் கிடைப்பது. ஒரேயோர் அலகு ஆற்றலைச் செலவிட்டு, எதிரியின் 20 உயிர்ப்புள்ளிகளில் மூன்றைப் பறிக்கும். ஒரு கட்டில் இச்சீட்டை நான்குக்கு மேல் வைத்தலாகாது. எனினும் இதையொத்த மலிவான சீட்டுகள் பல உள்ளன. அவற்றை நெருப்பு நிறம் ஒன்றிலேயே திரட்டியவன், பெருஞ்செலவில் கட்டமைத்தவன் முதற்படை நிறுத்துமுன் பாதி வழியைக் கடந்துவிடுகிறான்.

யாப்புக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. அகராதியின் அருஞ்சொற்களையெல்லாம் அள்ளி அடுக்கினும், தளை தட்டினால் அது வெண்பா ஆகுமோ? குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டில், ஆற்றல் தரும் நிலச்சீட்டுகள் எத்தனை, முதற்சுற்றிலேயே இறக்கத்தக்கவை எத்தனை, ஆட்டம் முற்றிய பின்னரே பயன்படுபவை எத்தனை என்று கணக்கிட்டு அமைத்தல் வேண்டும். நிலம் குறைந்தால், கையில் மாணிக்கமே இருந்தாலும் இறக்க முடியாமல் வீற்றிருக்க வேண்டியதுதான். இக்கணக்கு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

பணத்துக்குச் சிறிதும் பங்கில்லை என்று வாதிப்பதும் நேர்மையன்று. இரு நிறங்களின் ஆற்றலையும் தடையின்றித் தரும் பழைய இரட்டை நிலச்சீட்டுகள், மீண்டும் அச்சிடப்படா என்று 1996இல் வெளியீட்டாளர் உறுதியளித்த பட்டியலில் அடங்கியவை. அவை செல்லுபடியாகும் போட்டிகளில் பல நிறக் கட்டமைப்போர்க்கு அவற்றால் உண்மையான நலம் உண்டு. விலையோ ஏழை மாணவன் எட்டிப்பிடிக்க இயலாதது. இது குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நலம் ஓர் எல்லைவரையே. தேவையான சீட்டு கைக்கு வந்தபின், அதற்குமேல் கொட்டும் ஒவ்வொரு வெள்ளியும் பளபளப்புக்கும் பெருமைக்குமே போகிறது. உறையிட்ட பொட்டலங்களைக் கண்மூடி வாங்கிக் குவிப்பவன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தனக்கு வேண்டிய ஒரு சீட்டைத் தனியே வாங்காமல், வேண்டாத நூற்றுக்கு விலை கொடுக்கிறான்.

'பாப்பர்' என்றொரு போட்டி வகை உண்டு. ஏழை என்பது அச்சொல்லின் பொருள். மிகுதியாக அச்சாகும் எளிய சீட்டுகளாக வெளிவந்தவை மட்டுமே அதில் செல்லும். 2019இல் வெளியீட்டாளரே பொதுவிதி வகுத்து அதனை ஏற்றனர். விலை பெரிதும் அடங்கிய அம்மேடையிலும் ஒருவன் வெல்கிறான், ஒருவன் தோற்கிறான். அங்கே தோற்றவன் எதன்மேல் பழி போடுவான்?