பெட்டியை மாட்டுவது யார், பொறுப்பு யாருடையது?

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தது முதல் கணக்குத் தாக்கல் இணையத்தில்தான். வாடிக்கையாளரும் கால் கிலோ துவரம்பருப்புக்கு யு.பி.ஐ.யில் பணம் அனுப்புகிறார். உத்திரமேரூர் வட்டாரத்தில் சிறு மளிகைக் கடைக்கும் கண்ணாடி இழை இணைப்பு தேவையாகிவிட்டது.

இணைப்பை மாட்டுபவர் யார்? பெயர் கம்பெனியுடையது, நேரில் வருபவர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர். பி.எஸ்.என்.எல். கூட வருமானத்தில் பங்கு தந்து உள்ளூர் கூட்டாளிகள் மூலம் இணைப்பு வழங்குகிறது. இதை நாம் குறை சொல்லவில்லை. தெரிந்தவர் என்றால் கூப்பிட்டதும் வருவார். லாரி இழுத்து இழை அறுந்தால்தான் வம்பு. "கம்பெனியைக் கேளுங்கள்" என்பார் இவர். "ஏஜெண்டைக் கேளுங்கள்" என்பார்கள் அவர்கள். நம் வியாபாரம் நடுவில் நிற்கும்.

செம்புக் கம்பிபோல் இதை முறுக்கி டேப் சுற்ற முடியாது. அதிகம் மடங்கினால் ஒளி கசியும். அறுந்தால் உருக்கி ஒட்டும் இயந்திரம் வேண்டும். பழைய டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இந்தப் பெட்டிக்கு நம் கரண்ட்தான், இன்வெர்ட்டர் அவசியம்.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள்: பெட்டி யாருடையது, டெபாசிட் திரும்புமா, பழுதானால் யார், எத்தனை மணி நேரத்தில் வருவார்? பில் இல்லாமல் சரக்கு எடுப்போமா?

கணக்குக் காட்டாதவருக்கு வாரியத்தில் இடமில்லை என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிய ஊர் நம்முடையது. காகிதத்திலாவது நாம் கேட்டு வாங்க வேண்டாமா?