விற்பதோடு முடிவதல்ல வியாபாரம்

கதவைத் திறக்காமலே, வெளிப்பக்கம் டம்ளரை வைத்து அழுத்தினால் ஐஸ் கட்டி விழுகிற பிரிட்ஜ்களை இன்று சிறு நகரங்களில் உள்ள நம் உறுப்பினர்களும் விற்கிறார்கள். விலை அதிகம் என்றாலும் வாங்குவோர் இருக்கிறார்கள். ஆனால் விற்ற சில மாதங்களில் "ஐஸ் வரவில்லை" என்று அதே வாடிக்கையாளர் கடைக்கு வந்து நின்றால் நாம் என்ன சொல்கிறோம்? "கம்பெனி நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறோம்.

போன் நம்பர் கொடுப்பதற்கு ஒரு கடை தேவையில்லை. அதை ஆன்லைனில் விற்பவரும் கொடுக்கிறார். விலையில் அவரோடு போட்டியிட முடியவில்லை என்று கூட்டந்தோறும் வருந்துகிற நாம், அவரால் செய்ய முடியாத ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டே விட்டுவிடுகிறோம். பொருளைப் பற்றித் தெரிந்த ஒரு மனிதர் கல்லாவில் இருக்கிறார் என்ற நம்பிக்கைதான் அது.

ஐஸ் வராததற்கான காரணங்கள் பலவும் வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவை. வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பூட்டுப் பொத்தான் போட்டிருக்கிறதா? குழந்தைகள் விளையாட்டாக அழுத்தியிருப்பார்கள். ஐஸ் தயாரிக்கும் பகுதி ஆப் நிலையில் இருக்கிறதா? கதவு முழுதாக மூடியிருக்கிறதா? கதவு சற்றே திறந்திருந்தாலும் ஐஸ் விழாதபடிதான் பல மாடல்களில் அமைப்பு உள்ளது. பிரீசர் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கிறதா? பெட்டி புதிதென்றால் முதல் ஐஸ் சேர ஒரு நாள் பிடிக்கும்.

அடுத்து, அழுத்தும்போது மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று விசாரிக்க வேண்டும். சத்தம் கேட்டும் ஐஸ் விழவில்லை என்றால், பெரும்பாலும் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நீண்ட நேரம் மின்சாரம் தடைப்பட்டு, உருகிய ஐஸ் மறுபடி உறைந்தால் இப்படி ஆகும். சில நாள் உபயோகிக்காமல் விட்டாலும் ஆகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐஸ் தொட்டியை வெளியே எடுத்துக் கொட்டி, வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்டினால் வேலை முடிந்தது. சத்தமே இல்லை, பூட்டும் இல்லை என்றால் சுவிட்ச் அல்லது மோட்டாரில் கோளாறு இருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

ஐஸ் உருவாகவே இல்லை என்றால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நம் ஊர் வீடுகளுக்கு மிக முக்கியமான விஷயம் இதுதான். குழாய் இணைப்புள்ள பிரிட்ஜ்களுக்குக் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. தண்ணீர் அழுத்தம் வேண்டும் என்று பல கம்பெனிகளின் கையேடுகள் சொல்கின்றன. மேல்நிலைத் தொட்டியிலிருந்து பத்தடி உயரத்துக்குச் சுமார் 4.3 பி.எஸ்.ஐ.தான் கிடைக்கும். 20 பி.எஸ்.ஐ. வேண்டுமானால் தொட்டி ஏறத்தாழ 46 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில்லாத வீட்டில் இது எப்படிச் சாத்தியம்? பிரிட்ஜில் பழுதே இருக்காது. சிறிய பிரஷர் பம்பு ஒன்று வைத்தால் போதும். வீட்டு அமைப்பை விற்கும்போதே விசாரித்து, குழாய் இணைப்பு தேவைப்படாத, தண்ணீரை நாமே ஊற்றி வைக்கும் மாடலைக் காட்டியிருந்தால் பிரச்சினையே எழாது. பில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும், போர் தண்ணீரின் உப்பு வால்வில் படிந்து அடைக்கும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

எதைத் தொடக்கூடாது என்று சொல்வதும் நம் கடமை. கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ ஐஸைக் குத்திப் பெயர்க்கக் கூடாது. குளிர்க்குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். இன்றைய வீட்டுப் பிரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ என்ற வாயு தீப்பற்றக் கூடியது. கம்ப்ரசர், கேஸ் குழாய், மின் இணைப்பு ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும். வாரண்டி காலத்தில் கையேடு அனுமதிப்பதற்கு மேல் எதையும் கழற்றக் கூடாது.

இதில் சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொருளின் ஆபத்து, சரியான உபயோகம் பற்றித் தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கைகளை விற்பனையாளர் தெரிவிக்காமல் விட்டு, அதனால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்பனையாளரும் பொறுப்பேற்க நேரிடும். பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் அடங்கும். வாடிக்கையாளர் கேள்வி கேட்கப் பழகிவரும் காலத்தில் பதில் தெரியாத கடைக்காரர் பின்தங்குவார்.

"எல்லாவற்றையும் நாமே சொல்லிக் கொடுத்துவிட்டால் மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். ஐஸ் தொட்டியைக் கழுவுவதற்காக ஒருவரை வரவழைத்துப் பணம் வாங்கினால் அந்த வீட்டில் அவருக்கு மறுமுறை அழைப்பு வராது. உண்மையான பழுதுக்கு அவரை அனுப்பிவைத்தால் அவர் பெயரும் நிலைக்கும், நம் பெயரும் நிலைக்கும்.

நான் வேண்டுவது மூன்றுதான். ஒவ்வொரு பிரிட்ஜோடும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அச்சிட்டுக் கொடுப்போம். பில்டர், வால்வு, கதவு ரப்பர் ஆகியவற்றைக் கொஞ்சமாவது இருப்பு வைப்போம். அதிலும் லாபம் உண்டு. நம் சங்கம் கடைப் பணியாளர்களுக்காக மாவட்டந்தோறும் ஒரு நாள் பயிற்சி நடத்தட்டும். செலவு பெரிதல்ல. பழுது என்று வந்தவர் பதிலோடு திரும்பிப் போனால், அடுத்த பொருள் வாங்கவும் நம் கடைக்கே வருவார்.